புறக்கோட்டையில் வாங்கிய மான்ட்ரில்: மூக்குச் சிவப்பு மூன்று கிழமைதான்

ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு நீளத்துக்கு எழுத வேணுமா என்று மகள் கேட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்த ஒருத்தியிடம் பிழையான குரங்கை விற்றால் இதுதான் நடக்கும் என்று சொன்னேன்.

பேரனுக்கு ஆறு வயது. பாடசாலை விடுமுறையில் என்னோடு வெள்ளவத்தையில் நின்றான். கார்ட்டூன் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்துபோனவனை இழுத்துக்கொண்டு 101 பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசலைக் கண்டதும் "அம்மம்மா, முட்டாசுக் கடையா?" என்று கேட்டான். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், சைக்கிள் ரியூப்பும் பிளாஸ்டிக் வாளியும் வாசலில் தொங்குகிற ஒரு கடை. பெயர்ப்பலகையைக் குடைகள் மறைத்திருந்தன, நானும் தேடிப் படிக்கவில்லை. "ஆபிரிக்கக் காட்டு விலங்குகள்" என்று ஆங்கிலத்தில் அடித்த பெட்டி, உள்ளே பன்னிரண்டு உருவங்கள். சொன்ன விலை 2,200 ரூபாய். 1,850க்குத் தந்தார்கள்.

பெட்டியின் கண்ணாடித்தாளுக்குப் பின்னால் நின்ற ஒரு முகத்துக்காகத்தான் வாங்கினோம். சிவந்த மூக்கு, இரண்டு பக்கமும் நீல வரி, மஞ்சள் தாடி. கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட குரங்கு என்றான் பேரன். மான்ட்ரில். கமெரூனின் தெற்கு, எக்குவடோரியல் கினியாவின் பெருநிலம், காபோன், கொங்கோக் குடியரசின் தென்மேற்கு மூலை, இவ்வளவுதான் அதன் உலகம். 1758இலேயே லின்னேயஸ் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்துவிட்டார். பாலூட்டிகளில் இவ்வளவு வண்ணத்தோடு வேறொன்றில்லை என்று 1871இல் டார்வின் வியந்து எழுதினார்.

மற்றப் பதினொன்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் ஒரு புலி இருந்தது. ஆபிரிக்கக் காட்டில் புலி! வரிக்குதிரையும் இருந்தது, அது காட்டு மிருகமல்ல, புல்வெளி மிருகம். யானையும் மான்ட்ரிலும் தோளுக்குத் தோள் சமம். பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் போல ஒரு மணம் அடித்தது. மூன்று நாள் பல்கனியில் வைத்துக் காயவிட்ட பிறகுதான் கொடுத்தேன்.

இனி மான்ட்ரிலுக்கு வருகிறேன். காலுக்கு அடியில் "பபூன்" என்று, நாய் மூஞ்சியுள்ள இன்னொரு ஆபிரிக்கக் குரங்கின் பெயரைப் பொறித்திருக்கிறது. இதற்காக நான் செய்தவர்களைத் திட்டமாட்டேன், நான் படித்த காலத்திலும் மான்ட்ரிலைப் பபூனின் சாதியிலேயே சேர்த்துவிடுகிற வழக்கம் இருந்தது. (கிட்டிய இனங்களை ஒன்றாகச் சேர்த்து உயிரியலில் சொல்கிற சாதியை, genus என்பதைச் சொல்கிறேன், வேறு சாதி அல்ல.) நீண்ட மூஞ்சி, தரையில் நடை, பெரிய ஆண். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பிறகு மரபணுவைப் பார்த்தார்கள். 1999இல் பற்களையும் கை எலும்புகளையும் வைத்தும் காட்டினார்கள்: மான்ட்ரிலின் நெருங்கிய உறவு பபூன் அல்ல, வெள்ளை இமையுள்ள மங்கபே குரங்குகள். இரண்டு கூட்டமும் காட்டுத் தரையைக் கிளறி, விழுந்து கிடக்கிற கடுங்கொட்டைகளைக் கடித்து உடைத்துத் தின்கின்றன. அதற்கென்றே முன்கடைவாய்ப்பல் பெருத்து, கை எலும்பு வலுத்திருக்கிறது. ஆனபடியால் பொம்மையைச் செய்தவர்கள் காலத்தில் கொஞ்சம் பிந்தியவர்கள் என்று மட்டும் சொல்லலாம்.

வால் விஷயத்தில் எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. பொம்மையின் வால் உடம்பளவு நீளம், நுனியில் ஒரு வளைவு வேறு. உண்மையில் மான்ட்ரிலுக்கு விரல் நீளத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒரு கட்டை வால்தான். வெட்டிச் சரிக்கட்டுவோமா என்று கத்திரிக்கோலோடு போனேன். ஆனால் பேரன் அந்த வளைவை ஜன்னல் கம்பியில் கொளுவி, குரங்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தான். கத்திரிக்கோலைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டான். விட்டுவிட்டேன்.

வாய் திறந்திருக்கிறது, பல் முழுக்கத் தெரிகிறது. பெட்டிப் படத்தில் இதைச் சீற்றம் என்று காட்ட மின்னல் எல்லாம் கீறியிருக்கிறார்கள். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. மான்ட்ரில் சத்தமில்லாமல் உதட்டை விரித்துப் பல்லைக் காட்டினால் அது சமாதானம், கிட்டத்தட்ட எங்கள் புன்சிரிப்பு. பயப்பட வேண்டியது கொட்டாவிக்கு. வாயை அகலத் திறந்து, நாலு சென்ரிமீற்றருக்கும் மேலான கோரைப்பல்லை ஒருதரம் காட்டி மூடினால் எதிரில் நிற்பவர் விலகிப் போகத்தான் வேண்டும். பொம்மையின் வாய் அகலமாக இல்லை, உதடுதான் விரிந்திருக்கிறது. இதைச் சொன்ன பிறகு பேரன் அதைப் புலிக்கு முன்னால் வைத்து, "இவர் புலியிட்ட மன்னிப்புக் கேக்கிறார்" என்று விளையாடினான்.

இப்போது முறைப்பாட்டுக்கு வருகிறேன். வாங்கி மூன்று கிழமையில் மூக்கின் சிவப்புக் கழன்றுவிட்டது.

பேரன் அதைக் குளிக்கிற வாளிக்குள் கொண்டுபோவான், உண்மைதான். ஆனால் குளிக்கக் கூடாது என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. முதலில் நுனி மூக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி, பிறகு நகத்தால் சுரண்டச் சுரண்ட உரிந்து வந்தது. உரிந்த தூளைக் கண்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பெட்டியை வாங்கவே வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்து நீலம் துளியும் போகவில்லை. அது பூச்சு அல்ல, பிளாஸ்டிக்கோடேயே கலந்து வார்த்த நிறம் போலிருக்கிறது. சிவப்புத்தான் மேலே பூசியது. இதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்காது, ஆனால் மான்ட்ரிலின் முகமே அப்படித்தான்.

நீலத்தில் நீலச் சாயம் இல்லை. தோலுக்குள் கொலாஜன் என்ற புரத நார்கள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கி நிற்க, அவற்றில் பட்டுச் சிதறுகிற ஒளியில் நீலம் மட்டும் பலத்துத் திரும்பி வருகிறது. 2004இல் இதை நுணுக்குக்காட்டியில் பார்த்து விளக்கினார்கள். மயில் தோகையிலும் நீலச் சாயம் கிடையாது, அங்கே கொலாஜனுக்குப் பதில் வேறு பொருள். அடுக்கு நிற்கும் மட்டும் நீலம் நிற்கும்.

சிவப்பு வேறு கதை. அது தோலுக்கு அடியில் ஓடுகிற இரத்தம். தெஸ்தோஸ்தரோன் என்ற ஆண் ஹோர்மோன் கூடினால் சிவப்பு ஏறும், குறைந்தால் இறங்கும். காபோனின் பிரான்ஸ்வில் நகரிலுள்ள மருத்துவ ஆய்வு நிலையம், 1983 முதல் ஒரு காட்டுத் துண்டை வேலியடைத்து மான்ட்ரில் கூட்டமொன்றை வளர்த்து வருகிறது. அங்கே ஒரு ஆண் தலைமைக்கு வந்தால் மூக்கு சிவந்து, விதைப்பை பெருத்து, நெஞ்சிலுள்ள மணச் சுரப்பி சுரக்கத் தொடங்குவதையும், தலைமை பறிபோனால் அதே சிவப்பு மங்குவதையும் வருடக்கணக்காகப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். கூட்டத்தில் பிறக்கிற குட்டிகளில் பெரும்பகுதிக்குத் தகப்பன் அந்தத் தலைவன்தான். ஆகவே சிவப்பு வெறும் அழகல்ல. இரண்டு ஆண்கள் சந்தித்தால் நிறத்தைப் பார்த்தே ஒருவர் விலகிவிடுவார். இருவரும் ஏறக்குறைய ஒரே சிவப்பு என்றால்தான் சண்டை முற்றும்.

"அப்ப இவருக்கு என்ன நடந்தது?" என்று பேரன் மூக்குக் கழன்ற குரங்கைக் காட்டிக் கேட்டான். பதவி போய்விட்டது என்றேன். அதை அவன் அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டதுதான் ஆச்சரியம். அவன் தகப்பனுக்கும் போன வருடம் வேலை மாறியது, அதனாலோ தெரியவில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். மாற்றித் தரமாட்டார்கள் என்று தெரியும், இருந்தும் கேட்டுப் பார்ப்போம் என்றுதான். முதலாளி வயதுபோன மனிதர், மரியாதையானவர். பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது தண்ணியில போடுற சாமானில்ல" என்றார். சரி, மாற்ற வேண்டாம், இதிலே பெண் மான்ட்ரில் இருக்கிற பெட்டி ஏதும் இருக்குதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"பொம்புளக் குரங்கா? அத யாரு டீச்சர் வாங்குவா? எல்லாம் ஒரே அச்சுல வாறது."

இந்தப் பொம்மையின் உண்மையான குறை அதுதான், மூக்கு அல்ல. ஏனென்றால் மான்ட்ரில் சமூகம் என்பது பெண்களின் சமூகம். காபோனில் லோப்பே தேசியப் பூங்கா என்று ஒன்று உண்டு, 2007இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே காடு துண்டு துண்டாகவும் இடையில் புல்வெளியுமாக இருக்கிறது. ஒரு காட்டுத் துண்டிலிருந்து மற்றதற்குக் கூட்டம் கடந்துபோகிற நேரம் படம்பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். சராசரி 620. ஆகக் கூடியது 845. நான் படிப்பித்த பாடசாலையின் காலைக்கூட்டத்தை நினைத்துக்கொண்டேன், அங்கேயும் ஏறக்குறைய அவ்வளவு பேர், அதுவும் மைக் வைத்தால்தான் அடங்கும். இங்கே காட்டுக்குள், ஒன்றை ஒன்று பார்க்க முடியாத இடத்தில், பெண்களும் குட்டிகளும் கூவிக் கூவியே கூட்டத்தை ஒன்றாக வைத்திருக்கின்றன.

அந்த அறுநூறு எண்ணூறில் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். வளர்ந்த ஆண்களில் அநேகர் வருடத்தின் பெரும்பகுதியைத் தனியே கழித்துவிட்டு, பெண்கள் சினைக்கு ஆயத்தமாகிற நீண்ட வரட்சிக் காலத்தில் வந்து சேர்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள். பெட்டியில் இருக்கிறது அந்த விருந்தாளி மட்டும். வீட்டுக்காரர் ஒருவரும் இல்லை.

வீட்டுக்காரி எப்படி இருப்பாள் என்று பேரனுக்குக் கீறிக் காட்டினேன். ஆண் சராசரி 30 கிலோ, பெண் 12 அளவில்தான். குரங்குகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் மிக அரிது. பெண்ணின் முகத்தில் நீலம் மங்கலாக இருக்கும், சிவப்புக்குப் பதில் இளஞ்சிவப்பு அல்லது கறுப்பு. பாரம் குறைந்தபடியால் குட்டிகளோடு மரத்தில் ஏறித் தின்னும், பெரிய ஆண் அநேகமாகக் கீழேதான் திரியும். இரவில் எல்லாரும் மரத்தில். குட்டி ஆறு மாதத்தளவு வயிற்றில் இருந்து பிறக்கும், ரோஸ் முகமும் கருந்தலையுமாக. பெண் குட்டி தாயோடும் அம்மம்மாவோடும் அதே கூட்டத்தில் ஆயுள் முழுக்க இருக்கும். தாய்க்கு என்ன தரமோ அதுவே மகளுக்கும். இதைச் சொல்கிறபோது நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன் என்று மகள் பிறகு குற்றம் சொன்னாள்.

முதலாளி சொன்ன "ஒரே அச்சு" என்ற சொல்லும் மனதில் நின்றது. தெற்குக் காபோனின் லெக்கேடிப் பூங்காவில் 2012 முதல் ஒரு காட்டுக் கூட்டத்தை ஆளாளாக அடையாளம் கண்டு பின்தொடர்கிறார்கள். ஆயிரக்கணக்கான முகப் படங்களைக் கணினிக்குப் பழக்கிப் பார்த்ததில், 2020இல் ஒரு முடிவு வந்தது: ஒரே தாயின் பிள்ளைகளைவிட ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்குத்தான் முகச்சாயல் கூட. தாய் யாரென்று எல்லாருக்கும் தெரியும், அவள் மடியிலேயே கிடக்கிறார்கள். தகப்பன் வந்து போனவன், அவன் யாரென்று முகம்தான் சொல்ல வேண்டும். ஆக, முதலாளி சொன்னதிலும் பாதி சரி.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் கண்டார்கள், அது எனக்குப் பிடித்தது. பேன் பார்ப்பதுதான் குரங்குகளின் ஊர்க்கதை, உறவு கொண்டாடுவது எல்லாம் அதில்தான். வயிற்றில் ஒட்டுண்ணி கூடியவருக்கு மற்றவர்கள் பேன் பார்ப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று 2017இல் எழுதினார்கள். எப்படித் தெரிகிறது? மலத்தின் மணத்தில். மருந்து கொடுத்து ஒட்டுண்ணி குறைந்ததும் மறுபடி பேன் பார்க்க வந்தார்கள். ஆனால் தாயும் தாய்வழி நெருங்கிய உறவும் மட்டும், நோய் இருந்தாலும் விலகவில்லை. இதைப் பேரனுக்குப் பூச்சிமருந்து கொடுக்கிற நாளில் சொன்னேன். மருந்தை விழுங்கிவிட்டு, "அப்ப நீங்க எனக்குப் பேன் பாப்பீங்களா?" என்றான். எப்போதும் பார்க்கிறேனே.

பின்பக்கம் பற்றியும் ஒரு வரி. உண்மையான ஆணின் பிருட்டம் நீலமும் ஊதாவும் சிவப்புமாக முகத்துக்குச் சளைக்காது. இருண்ட காட்டில் பின்னால் வருகிறவர்களுக்கு அது அடையாளம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பொம்மையில் அந்த இடம் வெறும் மண்ணிறம். செய்தவர்களுக்கு வெட்கமா, பெயின்ட் மிச்சம் பிடித்தார்களா?

மகள் வீடு கோட்டேயில். அங்கே ஓட்டுக்கு மேல் ஊதாமுக மந்திகள் குதிக்கும், ஓடு உடையும், அயலவர் திட்டுவார். பேரன் மான்ட்ரிலை அங்கே கொண்டுபோய் முற்றத்தில் நிறுத்தி, மந்தி வருமா என்று பார்த்திருந்தானாம். மந்திகள் கொய்யா இலையைத் தின்றுவிட்டுப் போய்விட்டன. மேற்குக் கரையோரத்து இந்த மந்தி உலகத்தில் வேறெங்கும் இல்லாதது, மிக ஆபத்தான நிலையில் இருப்பது. மான்ட்ரிலோ இறைச்சி வேட்டைக்கும் காடழிப்புக்கும் நடுவில் "பாதிக்கப்படக்கூடியது" என்ற பட்டியலில். முற்றத்தில் நின்றதன் இனமும் கூரையில் நின்றதன் இனமும் இரண்டுமே ஆபத்தில்தான், கூரையில் நின்றதுக்கு இன்னும் கூட. ஆனால் எந்தப் புறக்கோட்டைக் கடையிலும் ஊதாமுக மந்திப் பொம்மை கிடையாது, நான் கேட்டேன்.

மூக்குக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மகள் தன் நகப்பூச்சை எடுத்து வந்தாள். பேரன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டான். வேறொரு பெட்டி வாங்கி, சிவப்பு மூக்குள்ள புது மான்ட்ரிலை இதற்கு எதிரே வைக்க வேண்டும் என்கிறான், இது விலகிப் போக வேண்டுமாம். இன்னொரு 1,850! பழைய குரங்குக்கு எதிர்ப்பக்கத்தில் இப்போதைக்குத் தக்காளி சோஸ் போத்தலின் சிவப்பு மூடியை வைத்திருக்கிறோம்.

புள்ளி போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டரை போடுவேன். பிளாஸ்டிக் உறுதி, காலை ஊன்றி விழாமல் நிற்கிறது, இரண்டாம் மாடியிலிருந்து ஒருமுறை விழுந்தும் உடையவில்லை, முகத்தின் அச்சு வரிவரியாக நன்றாக வந்திருக்கிறது. பூச்சு மோசம், மணம் மோசம், வால் பொய், புலி அபத்தம், பெண்களைக் காணோம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வாங்கலாம், வாளிக்குள் விடாதீர்கள். விலையில் 300, 400 குறைத்துக் கேளுங்கள், தருவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், ஜும்மாவுக்குக் கடை பூட்டியிருக்கும். நான் அப்படி ஒருநாள் போய், எதிர்ப்பக்கத்தில் அன்னாசிக் கீற்று வாங்கித் தின்றுகொண்டு முக்கால் மணித்தியாலம் நின்றேன்.